வேறு குரலில் வந்த வண்டி

ஓடையைத் தாண்டும் இடத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. யாரோ எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே விடச் சொல்லிச் சுத்தியலால் தட்டுவது போல. ஹார்லன் மிதியிலிருந்து காலை எடுத்தான், தட்டுவது மெதுவானது. மறுபடி மிதித்தான், தட்டுவதும் வேகமெடுத்தது. வண்டி அவனுடையது அல்ல, அக்காளுடையது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ராணுவம் கழித்துவிட்ட வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் தீவனம் ஏற்றும் மரத்தட்டு. பெயின்ட் உதிர்ந்து பாதிக்குமேல் துருவின் நிறத்துக்கு வந்துவிட்டது என்றாலும் வீட்டில் அதற்குப் பெயர் பச்சைதான். ஆறு சிலிண்டரில் ஒன்று எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வெடிக்கும். சைலன்சர் பேருக்குத் தொங்கியது. மொன்டானாவின் அந்த மலையடிவாரத்தில், தபால் பெட்டிக்கு அருகில் நிற்பவனுக்குக்கூட மேட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை வருவது தெரிந்துவிடும். உள்ளே உட்கார்ந்தால் பேச்சு கிடையாது. கத்த வேண்டும், கத்தினாலும் பாதிதான் கேட்கும்.

அக்காள் வெர்னாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஹார்லன் அவளுக்கு நாலு வயது இளையவன். பெற்றவர்கள் விட்டுப்போன பண்ணையை இருவரும் பிரித்துக்கொள்ளாமலே நடத்தி வந்தார்கள். புல் அறுப்பு, டிராக்டர், வேலி எல்லாம் அவன் பாடு; மாடுகள் அவள் பாடு. அந்தச் செப்டம்பரில் வெர்னா கொட்டகை ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு பில்லிங்ஸ் நகர ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால்தான் பச்சை அவன் கைக்கு வந்தது. வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இப்படித் தட்டுகிறது.

சாலை முக்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அர்விட், வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினார். மிச்சமிருந்த கறுப்பு ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். மீன் செதில் மாதிரி மினுமினுவென்று உலோகப்பொடி.

"கடைசியா ஆயில் எப்ப ஊத்தினே?"

"எதுக்கு ஊத்தணும்? போன மாசம்தானே வெர்னா மாத்தினா."

"டேய், இது ஆயில் குடிக்கிற வண்டிடா. தினம் காலையில பாதி டப்பா ஊத்திட்டுத்தான் அவ ஸ்டார்ட்டே பண்ணுவா. ஒரே வீட்ல இருக்கே, இது தெரியாதா?"

"அவ காபி குடிக்கிறதப் பாத்திருக்கேன். வண்டி குடிக்கிறத யார் கண்டா?"

"மீட்டர் முள்ளு ஒண்ணு இருக்கே, அதையாவது பாத்தியா?"

"அது எப்பவும் சைபர்லதானே கிடக்கும்."

"கிடக்கும்தான். அதனாலதான் அவ முள்ள நம்பாம டப்பாவ நம்பினா." அர்விட் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "பேரிங் போச்சு. கிராங்குல கோடு விழுந்திருக்கு. எஞ்சினை இறக்கி, கிராங்கைக் கழட்டி பில்லிங்ஸுக்கு அனுப்பணும். தேய்ச்சுக் கொடுக்க மூணு வாரமாவது ஆகும்பான்."

"அதுக்குள்ள அவ வீட்டுக்கு வந்துடுவா."

"வரட்டுமே. சொல்லிடு."

"நீங்க சொல்றீங்களா?"

"நானா? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்டா."

ஹார்லன் சிரித்தான். இந்த வயதில் அக்காளிடம் திட்டு வாங்க அவன் பயந்தான் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. வெர்னா திட்டுகிறவள் அல்ல. ஒரு பொருளை அவன் கெடுத்தால், ஒன்றும் பேசாமல் தானே எடுத்துச் சரிசெய்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

அன்று மாலை அவளே போன் செய்தாள்.

"எப்படிடா இருக்கு எல்லாம்? பச்சை ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

"ஆயில் ஊத்துறியா? பாதி டப்பா, தினமும். உங்கிட்ட சொல்லாம வந்துட்டேனேன்னு இங்க படுத்துக்கிட்டு அதே நெனப்பு."

"ஊத்துறேன் வெர்னா. நீ தூங்கு."

போனை வைத்த இடத்தில் நின்றபடிதான் முடிவு செய்தான். கொட்டகைக்குப் பின்னால் அவனுடைய பிக்கப் வண்டி ஒன்று பள்ளத்தில் உருண்டு நசுங்கிக் கிடந்தது. உடம்புதான் போனதே தவிர, எட்டு சிலிண்டர் எஞ்சின் பொன்னாட்டம் இருந்தது. அதை எடுத்துப் பச்சையில் வைத்துவிட்டால்? வெர்னா வரும்போது வண்டி வாசலில் புதுசு மாதிரி நிற்கும். கெடுத்தவன் என்ற பேர் போய், செய்து கொடுத்தவன் என்ற பேர் வரும்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. வண்டியைக் கொட்டகைக்கு இழுத்துவந்து, உத்தரத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு முதலில் பழைய எஞ்சினைத் தூக்கினான். இடைத்தகடு ஒன்றை வரவழைத்து எட்டு சிலிண்டரைப் பழைய கியர்பாக்ஸோடு பொருத்தினான். எஞ்சின் உட்காரும் தாங்கிகளை அறுத்து, தள்ளி வைத்துப் பற்றவைத்தான். ரேடியேட்டர் போதாமல் வேறு மாட்டினான். கையோடு கையாக நல்ல சைலன்சர் ஒன்றும், இருபது வருஷமாக ஊமையாக இருந்த ஹாரனுக்குப் பதில் புது ஹாரனும் வைத்தான். பழைய எஞ்சினை அர்விட்டிடம் கொண்டுபோய் இறக்கி, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. கிராங்க் எல்லாம் அனுப்ப வேண்டாம். இது விஷயமா யார்கிட்டயும் பேசவும் வேண்டாம்" என்றான்.

வண்டியை ஓட்டிப் பார்க்க வந்த அர்விட், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்தார்.

"என்னடா இது, பச்சையா, பொது நூலகமா? தும்மக்கூட பயமா இருக்கு."

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிறதுதான் என்னவோ மாதிரி இருக்கு."

ஹார்லனுக்கு அது பொறாமைப் பேச்சாகப் பட்டது.

அக்டோபர் பிறந்து சில நாளிலேயே ரேடியோவில் எச்சரிக்கை வந்தது. சனிக்கிழமை வடக்கிலிருந்து காற்றும் பனியும், இந்தப் பருவத்துக்கு வழக்கமில்லாத அளவுக்கு. மாடுகள் எல்லாம் இன்னும், கோடைக்கு ஏற்றிவிட்ட மேல்மேய்ச்சலிலேயே இருந்தன. அது பைன் காடும் பள்ளமும் பாறையுமாக உடைந்து கிடக்கும் இடம். ஒற்றை ஆள் உள்ளே போய் மாடு ஓட்ட முடியாது. ஒரு மாட்டைத் திருப்புவதற்குள் பத்து மாடு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். பனி விழுந்தால் மாடு காற்றுக்கு முதுகைக் கொடுத்து நடந்துகொண்டே இருக்கும். வேலியில் முட்டி நிற்கும், நின்ற இடத்தில் மூடிப்போகும். அதற்குள் இறக்கியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பக்கத்துப் பண்ணை ரோலண்ட் போனில் கேட்டான்: "நாங்க எங்களுதை இறக்கியாச்சு. குதிரைங்க இன்னும் சேணத்தோட நிக்குது. வரட்டுமா?"

"எதுக்குப்பா? பச்சை இருக்கே. வெர்னா எந்தக் காலத்துல குதிரை வெச்சு இறக்கினா?"

அது உண்மைதான். வெர்னா ஒவ்வொரு வருஷமும் தனியாகத்தான் இறக்குவாள். மேல் கேட்டைத் திறந்துவைத்து, பச்சையை அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், காபி குடுவையைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து முதலில் மேயர் வருவாள். மேயர் என்பது ஒரு கிழட்டுப் பசு. வயிற்றை ஆட்டிக்கொண்டு, ஊரே பின்னால் வருகிறது என்ற தோரணையில் நடப்பாள். ஊரும் பின்னால் வரும். வெர்னா கியர் போட்டு மெதுவாகக் கீழே உருட்டுவாள். அடிவாரப் புல்வெளி வரைக்கும் மாடுகள் அத்தனையும் வரிசை கட்டி வண்டியைத் தொடரும். தட்டில் கிடக்கும் தீவனக் கட்டிக்காகத்தான் அவை வருகின்றன என்று ஹார்லன் நினைத்திருந்தான். அவன் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சனிக்கிழமை காலை வானம் ஈயத்தகடு போல இருந்தது. ஹார்லன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தீவனக் கட்டி ஏற்றினான். புது எஞ்சின் மலையை வெண்ணெய் மாதிரி ஏறியது. கேட்டைத் திறந்துவைத்து, வண்டியை அவள் நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தான். காபியும் கொண்டுபோயிருந்தான்.

காபி தீர்ந்தது. காட்டில் ஒரு கிளைகூட அசையவில்லை.

இறங்கி ஒரு கட்டியைத் தகரத் தட்டில் போட்டு உலுக்கிக் காட்டினான். கூப்பிட்டுப் பார்த்தான், அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. கடைசியில் வண்டியையே மரங்களுக்கு நடுவே உள்ளே விட்டான். ஒரு வெட்டவெளியின் ஓரத்தில் மேயர் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவை. எல்லாக் காதுகளும் வண்டியின் பக்கம் திரும்பியிருந்தன. அவன் மெதுவாக நெருங்கினான். மேயர் இரண்டடி பின்வாங்கினாள்.

"மேயர், வாடி. பச்சைதான் இது. கண்ணு தெரியலையா?"

கண் தெரிந்துதான் இருந்தது. காதுதான் ஒப்பவில்லை. அது அந்த நிமிஷத்தில் அவனுக்கு உறைக்கவில்லை. பொறுமையிழந்து புது ஹாரனை அழுத்தினான். மாடுகள் மொத்தமும் சுழன்று பள்ளத்துக்குள் பாய்ந்தன. குளம்புச் சத்தம் அடங்கியபோது முதல் பனி கண்ணாடியில் விழுந்தது.

பாறை முகட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, இறங்கி வெர்னாவைக் கூப்பிட்டு, மாடுகள் வரவில்லை என்றான்.

"கேட்டுப் பக்கத்துலயே நில்லுடா. அணைச்சுடாத, அவ்வளவுதான். வந்துடும்."

"நின்னாச்சு வெர்னா. ரொம்ப நேரமா நின்னாச்சு. வரமாட்டேங்குது."

"வராம எங்க போகும்? எஞ்சின் ஓடிட்டுத்தானே இருக்கு?"

"ஓடிட்டிருக்கு."

"போனை அது பக்கத்துல வை பாக்கலாம்."

அவன் பானெட்டுக்கு அருகில் போனை நீட்டினான். எட்டு சிலிண்டரும் ஒன்றோடொன்று இழைந்து, ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. போனைத் திரும்பக் காதில் வைத்தான்.

"யாருடா அது?" என்றாள் வெர்னா. அதே கேள்வியைத்தான் மாடுகளும் கேட்டுவிட்டு ஓடின என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது.

சொன்னான். ஆயிலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும், மூச்சு முட்ட, பனி முகத்தில் அடிக்கச் சொன்னான்.

"சரி," என்றாள். "கம்பி வெட்டுற குறடு இருக்கா? காத்து வடக்கு. அதுங்க தெற்கு வேலிக்குத்தான் போகும். மூலையில போய் அடைஞ்சுக்கும். ரெண்டு மூலையிலயும் கம்பிய வெட்டி விட்டுடு. கீழ ஓடைப் பக்கம் இறங்கினா தப்பிச்சுக்கும். முதல்ல கிழக்கு மூலை. போ. பேசிட்டு நிக்காத."

கிழக்கு மூலைக்குப் போய்க் கம்பியை வெட்டினான். வெட்டிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள்ளிருந்து சில மாடுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, அவனைப் பார்க்காமலே இடைவெளி வழியாக இறங்கிப் போயின. அவற்றில் மேயர் இல்லை. மேற்கு மூலைக்குத் திரும்பியபோது வண்டியின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. வேலித்தூண்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டு நடந்து பார்த்தான். பள்ளம் குறுக்கிட்ட இடத்தில் இடுப்பளவு பனியில் புதைந்து, ஏறி வந்ததே பெரிய பாடாகிவிட்டது. திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எதுவுமே நடக்காததுபோல அடித்தது. ரோலண்டும் அவன் மகன்களும் குதிரையில் வந்தார்கள். அர்விட் டிராக்டரில் வந்தார். மேற்கு மூலையில் பனிமேட்டுக்கு மேலே கொம்புகள் மட்டும் தெரிந்தன. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மேயர் கம்பியை ஒட்டி, எல்லாருக்கும் முன்னால் நின்றபடியே இறந்திருந்தாள். மூக்கில் பனிக்கட்டி அடைத்திருந்தது. மற்றவை அவள் பின்னால் வரிசையாக நின்றிருந்தன. அவளை நம்பி வந்தவை.

மதியம் டிராக்டர் நிழலில் அர்விட் சாண்ட்விச்சைப் பாதி பிய்த்து அவன் கையில் திணித்தார். ஹார்லன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான், தின்னவில்லை.

"ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்துடலாம்னுதான் பாத்தேன்," என்றார் அர்விட். "அந்தக் கிராங்கை நான் அனுப்பிட்டேன்டா. நல்ல இரும்பைக் குப்பையில போட மனசு வரல. அவனுக்கு வேற வேலை எதுவோ தள்ளிப்போய், சீக்கிரமே தேய்ச்சு அனுப்பிட்டான். எஞ்சினைக் கூட்டி ஸ்டாண்டுல ஏத்தி, வியாழக்கிழமை ஓட்டிப் பாத்தேன்."

"ஓடிச்சா?"

"ஓடிச்சு. அந்த ஒத்த சிலிண்டர் அதே மாதிரி பிந்தித்தான் வெடிக்குது. அதை நான் சரிபண்ணல."

ஹார்லன் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை. ஸ்டாண்டோடு தூக்கி ஒரு டிரெய்லரில் வைத்து மேல் கேட்டுக்கு இழுத்துப்போயிருந்தால் போதும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லி வாயை அடைத்தவன் அவனே. அந்த வாய் அடைபட்டுத்தான் இருந்தது.

"எனக்குத் தோணவே இல்லடா," என்றார் அர்விட். "மாடு சத்தத்துக்கு வருதுன்னு எனக்கு மட்டும் யார் சொன்னா?"

அடுத்த வாரம் வெர்னா வீட்டுக்கு வந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பச்சையை ஒருமுறை பார்த்தாள். பற்றவைத்த இடங்களைக் குனிந்து பார்த்து, "வேலை சுத்தமா இருக்கு," என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகத்தான் சொன்னாள். இராத்திரிச் சாப்பாட்டின்போது, சில்லி என்ற இறைச்சிக் குழம்பில் பன்னைத் தோய்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேயர் எங்க கிடந்தா?"

"மேற்கு மூலையில."

"தனியாவா?"

"இல்ல. எல்லாத்துக்கும் முன்னாடி."

"அவ அப்படித்தான் நிப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். தரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க டிராக்டரில்தான் தீவனம் போட்டார்கள். பச்சை கொட்டகையில் நின்றது. பனி இளகத் தொடங்கியதும் ஹார்லன் செயின் பிளாக்கை மறுபடி உத்தரத்தில் மாட்டினான். தான் பற்றவைத்த தாங்கிகளைத் தானே அறுத்தெடுத்தான். அர்விட்டும் அவனுமாகப் பழைய எஞ்சினை இறக்கி உட்காரவைத்தார்கள். புது சைலன்சரைக் கழற்றிவிட்டு, பேருக்குத் தொங்கிய பழையதையே தேடிப்பிடித்து மாட்டினான். ஹாரன் ஒயரைப் பிடுங்கினான். பாதி டப்பா ஆயில் ஊற்றினான்.

மே மாதம் ஒரு காலை, மாடுகளை மறுபடி மேலே ஏற்றும் நாள். வெர்னாவுக்கு இடது காலில் கிளட்ச் மிதிக்கும் வலு இன்னும் வரவில்லை. கைத்தடியைப் பின்தட்டில் போட்டுவிட்டு அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். ஹார்லன் ஓட்டினான். அடிவாரப் புல்வெளிக் கேட்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தார்கள்.

தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. பிறகு வந்தன, கன்றுகள் பக்கத்தில் துள்ள, கிட்டத்தட்ட ஓட்டமாகவே வந்தன. இப்படித்தான் அன்றைக்கும் வந்திருக்கும்.

ஆனால் பாதி தூரத்தில் நின்றுவிட்டன. அத்தனையும் வண்டியைப் பார்த்தன. ஒன்றும் முன்னால் வரவில்லை. சில திரும்பிப் பின்னால் பார்த்தன, இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல. முதலில் நடப்பது யார் என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

அவன் கை கியருக்குப் போயிற்று. வெர்னா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். பொறு என்று அர்த்தம். வைத்த கையை உடனே எடுக்கவும் இல்லை.

அந்த ஒன்றை மட்டும் பிந்தவிட்டு ஆறு சிலிண்டரும் வெடித்துக்கொண்டிருந்தன. கதவுத் தகரம் அதிர்ந்தது. குளிர்காலம் முழுக்க உணவு மேசையிலும் கொட்டகையிலும் சொல்ல வாயெடுத்து விழுங்கிய ஒன்றை, ஹார்லன் முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

வெர்னா காதைச் சாய்த்தாள். "என்ன?" என்று கத்தினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இன்னொரு முறை கத்திச் சொல்லக்கூடிய பேச்சாக அது இல்லை.

"ஆயில் ஊத்திட்டேன்னு சொன்னேன்!"

அவள் தலையாட்டினாள். மாடுகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தன.